ஒரு செவ்வாய்க்கிழமையை வைத்துப் பள்ளி தேடினோம்

2024 நவம்பரில் மகளின் பிஎஸ்எல்இ, அதாவது சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேசியத் தேர்வின் முடிவு வந்த அன்று மத்தியானம், சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே 13 என்று எழுதி வட்டம் போட்டேன். நான்கு பாடத்தின் ஏஎல், அதாவது அடைவுநிலைகளின் கூட்டுத்தொகை அது; குறைந்தால்தான் நல்லது. ஆங்கிலம் ஏஎல் 3, கணிதம் ஏஎல் 5, அறிவியல் ஏஎல் 3, தமிழ் ஏஎல் 2. அதற்குக் கீழே ஆறு கோடு. ஆறு உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்தி, அரசாங்க இணைய அடையாளமான சிங்பாஸ் வழியாக உள்ளே போய்ப் பதிந்துவிட வேண்டும். ஒரு வாரம்தான் அவகாசம்.

என் கண் நேராகப் போனது எல்லைப் புள்ளிகளுக்குத்தான். முந்தைய ஆண்டு 13 புள்ளியோடு கடைசிப் பிள்ளையைச் சேர்த்த பள்ளிகள் எவை என்று தேட ஆரம்பித்தேன். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏங்க, அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனா இவ காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தாளைத் திருப்பிப்போட்டோம். பின்பக்கத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதினோம். இணைப்பாட நடவடிக்கை (வகுப்புக்குப் பிறகு விளையாட்டு, கலை போன்றவை) இருக்கும் ஒரு சாதாரண நாள். எழுவது எப்போது, பேருந்து எது, தமிழ் வகுப்பு எங்கே, வீடு திரும்புவது எத்தனை மணிக்கு, வீட்டுப்பாடத்துக்கு மிச்சம் எவ்வளவு நேரம். பிஎஸ்எல்இ புள்ளி எந்தெந்தக் கதவு திறக்கும் என்று மட்டும்தான் சொல்லும். நான்கு வருடச் செவ்வாய்க்கிழமைகளைப் பிள்ளைதான் வாழ்ந்து கழிக்க வேண்டும். நாங்கள் எடுத்த முடிவுகள், எடுக்காமல் விட்டவை, நண்பர்கள் வீட்டில் பார்த்தவை எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் இங்கே ஒப்பிடுகிறேன்.

தேர்வுக்கு முன்: எந்தப் பாடத்தில் நேரத்தைப் போடுவது?

என் தலைமுறைப் பெற்றோருக்கும் நமக்குச் சொல்லித்தரும் உறவினர்களுக்கும் மனத்தில் இன்னும் பழைய டி-ஸ்கோர் கணக்குதான் ஓடுகிறது. அதில் பிள்ளையை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் புள்ளி போட்டார்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணும் எண்ணிக்கையில் தெரிந்தது. 2021 முதல் அப்படி இல்லை. 90-உம் அதற்கு மேலும் ஏஎல் 1. 85 முதல் 89 வரை ஏஎல் 2. 80-84 என்றால் 3, 75-79 என்றால் 4. அதற்குப் பிறகு படிகள் அகலமாகிவிடும்: 65 முதல் 74 வரை ஏஎல் 5, 45 முதல் 64 வரை ஏஎல் 6, 20 முதல் 44 வரை ஏஎல் 7, அதற்குக் கீழே 8. நான்கு பாடத்தையும் கூட்டினால் மிகச் சிறந்த புள்ளி 4, கடைசி 32.

இதை ஒரு தாளில் வரைந்து பார்த்தால்தான் புரிகிறது. 91 வாங்கும் பிள்ளையை 98-க்கு விரட்டுவதால் ஒரு பயனும் இல்லை. 46 வாங்கும் பிள்ளை 60-க்கு உயர்ந்தாலும் ஏஎல் மாறாது; அந்த உழைப்பு பிள்ளையின் அறிவில் நிற்கும், புள்ளியில் தெரியாது. ஆனால் 62-இல் இருப்பவருக்கு மூன்றே மதிப்பெண் ஒரு முழுப் படி.

எங்கள் மகள் தொடக்கநிலை 6-இன் முன்னோட்டத் தேர்வில் கணிதத்தில் 62, தமிழில் 87. இரண்டிலும் அடுத்த படிக்கு மூன்று மதிப்பெண்தான் தேவை. அப்படியானால் எதில் நேரத்தைப் போடுவது? நான் தமிழ் என்றேன், விருப்பமான பாடம், வீட்டிலேயே பேசுகிறோம். மனைவி கணிதத்தின் விடைத்தாளை எடுத்துச் சிவப்பு மை விழுந்த இடங்களை எண்ணினார். கால்குலேட்டர் இல்லாத முதல் தாளில் மட்டும் ஐந்து மதிப்பெண் கைநழுவிப் போயிருந்தது. சென்டிமீட்டரை மீட்டராக மாற்றாமல் விட்டது, 48 என்பதை 84 என்று அடுத்த வரியில் எழுதியது, பின்னத்தைச் சுருக்காமல் நிறுத்தியது. எதுவுமே தெரியாத கணக்கு இல்லை. தமிழில் 87-க்கும் 90-க்கும் நடுவில் இருந்தது கட்டுரையின் நயம். மூன்று வாரத்தில் வளரக்கூடியதில்லை.

முடிவு கணிதம்தான். இரவு எட்டரைக்கு ஐந்தே ஐந்து கணக்கு, எல்லாம் முதல் தாள் வகை. போட்டு முடித்ததும் அவளே ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஏஎல் 5 கிடைத்தது.

தமிழை அப்படியே விட்டுவிடவும் இல்லை. தாய்மொழித் தேர்வின் 200 மதிப்பெண்ணில் வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காதுக்கும் வாய்க்கும் போகிறது! வாய்மொழித் தேர்வில் ஒரு பகுதியை வாசிக்க வேண்டும், பிறகு ஒரு காணொளியைப் பார்த்து அதைப்பற்றி உரையாட வேண்டும். இதற்கு எந்தப் பயிற்சிப் புத்தகமும் வேண்டாம். அது ஆகஸ்டில், எழுத்துத் தேர்வுக்குப் பல வாரம் முன்னாலேயே வந்துவிடும் என்பதால் ஜூன் விடுமுறையில் தொடங்கினால் போதும். வீட்டில் சாப்பிடும்போது, "இன்னைக்கு எம்ஆர்டி ரயில்ல நீ பார்த்ததைச் சொல்லு, அதுல உனக்கு எது சரியாப் படல?" என்று கேட்பதே பயிற்சி. பெற்றோர் இருவரும் ஆங்கிலத்திலேயே பேசும் வீடுகளில் இதுதான் மிகவும் கஷ்டம். அங்கே தாத்தா பாட்டியின் தொலைபேசி அழைப்பு துணைப்பாட ஆசிரியரைவிட உதவும். மனமாரச் சொல்கிறேன்.

துணைப்பாடமா, வீடா என்ற கேள்விக்கு என் கருத்து: ஒரு பாடத்துக்கு மட்டும், ஒரு இடத்தில் மட்டும். பள்ளியிலேயே கூடுதல் வகுப்பு வைத்தால் முதலில் அது. உங்கள் பிள்ளை எங்கே தவறுகிறது என்று அந்த ஆசிரியருக்குத்தான் தெரியும். இந்தியச் சமூகத்துக்கான சுய உதவி அமைப்பு சிண்டா நடத்தும் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகள் மானியக் கட்டணத்தில் கிடைக்கின்றன. சக தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்து கணிதமும் அறிவியலும் படிக்கும் சூழல் சில பிள்ளைகளுக்குத் தெம்பு தருகிறது. தனியார் நிலையம் என்றால், வாரம் ஒரு வகுப்பு நடந்து, அதைத் திருப்பிப் பார்க்க வீட்டில் ஒரு மணி நேரம் மிஞ்ச வேண்டும். அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் கட்டணம் வீண். நான்கு பாடத்துக்கும் நான்கு நிலையத்துக்கு ஓடிய ஒரு பிள்ளை செப்டம்பரில் காய்ச்சலோடு கேட்டல் தேர்வுக்குப் போனதை நேரில் பார்த்தேன். இன்றைக்கும் நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

டிஎஸ்ஏ வழியா, புள்ளி வழியா?

நேரடிப் பள்ளிச் சேர்க்கை, அதாவது டிஎஸ்ஏ, 2004 முதல் இருக்கிறது. பிஎஸ்எல்இ முடிவுக்கு முன்பே, பிள்ளையின் திறனைப் பார்த்து இடம் தருவது அது. விண்ணப்பம் மே மாதத்தில் தொடங்கிவிடும். மூன்று தெரிவுகள் வரை கேட்கலாம், கட்டணம் கிடையாது. விளையாட்டு, இசை, நடனம், அறிவியல், மொழி, தலைமைத்துவம் என்று ஒவ்வொரு பள்ளிக்கும் ஒவ்வொரு திறன். இந்திய நடனத்துக்கு இடம் தரும் பள்ளிகளும் உண்டு.

இதில் கிடைக்கும் நிம்மதி பெரிது. பள்ளி உறுதி என்று தெரிந்தபின் தேர்வு எழுதும் பிள்ளையின் முகமே வேறு. கொடுக்கும் விலையும் பெரிது. டிஎஸ்ஏ இடத்தை ஏற்றுக்கொண்டால் ஆறு கோட்டுப் பட்டியலே கிடையாது. முடிவு எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தாலும் வேறு பள்ளி கேட்க முடியாது, மாற்றலும் கிடையாது. தேர்வே வேண்டாம் என்றும் ஆகிவிடாது. அந்தப் பள்ளி நடத்தும் பிரிவில் சேரத் தேவையான புள்ளி வந்தாக வேண்டும்.

அடுத்த புளோக்கில் இருக்கும் நண்பரின் மகன் ஹாக்கி வழியாக இடம் வாங்கினான். அவனுடைய செவ்வாயில் மாலை ஆறரைவரை பயிற்சி, வியாழனும் வெள்ளியும் அப்படியே. அவனுக்கு அது தண்டனை இல்லை. யாரும் பார்க்காத ஞாயிற்றுக்கிழமையிலும் மட்டையை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போகும் பையன். என் மகள் நான்கு வருடம் பரதம் கற்றவள், மேடையேறவும் பிடிக்கும். "போட்டிக்குப் பள்ளிக்காக ஆடணும், வாரம் மூணு நாள் பயிற்சி, நாலு வருஷம்" என்று சொன்னபோது யோசித்துவிட்டு, "எனக்கு ஆடப் பிடிக்கும்ப்பா, போட்டி பிடிக்காது" என்றாள். அத்தோடு டிஎஸ்ஏ பேச்சு முடிந்தது. பதக்கம் இல்லாவிட்டாலும் பிள்ளை அதைச் செய்யுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆம் என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

ஐபி ஆறு வருடமா, நான்கு வருடப் பாதையா?

இதை நீட்ட விரும்பவில்லை. ஐபி என்பது உயர்நிலைப் பள்ளியையும் தொடக்கக் கல்லூரியையும் சேர்த்து ஆறு வருடம் ஓடும் ஒருங்கிணைந்த பாடத்திட்டம். அந்தப் பள்ளிகளின் எல்லைப் புள்ளி பெரும்பாலும் ஒற்றை இலக்கம். அந்த இடத்தில் நிற்கும் குடும்பங்களுக்குத்தான் இந்தக் கேள்வி. ராஃபிள்ஸ், ஹுவா சோங், விக்டோரியா போன்ற பள்ளிகளில் நான்காம் ஆண்டு இறுதியில் தேசியத் தேர்வு இல்லாமல் நேராக, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ-லெவல் தேர்வு வரை போகலாம். ஏசிஎஸ் இன்டிபென்டன்டில் இந்தப் பாதை ஏ-லெவலில் முடிவதில்லை, அங்கே முடிவில் இருப்பது அனைத்துலக பட்டயக் கல்வித் தேர்வு. தானாகவே படிக்கும், கேள்வி கேட்கும் பிள்ளைக்கு இந்த ஓட்டம் பொருந்தும். பக்கத்தில் ஒரு தேர்வு இருந்தால்தான் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு, ஆறாம் ஆண்டு இறுதிவரை தேசியத் தேர்வே இல்லை என்பது சிக்கல். நடுவில் விலகினால் கையில் பிஎஸ்எல்இ சான்றிதழ் மட்டுமே இருக்கும். பாலிடெக்னிக் போக ஆசைப்படும் பிள்ளைக்கு நான்கு வருடப் பாதையே நேர்வழி. கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும் சுயேச்சைப் பள்ளி என்றால் மாதக் கட்டணம் சில நூறு வெள்ளி வரை போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

21, 22 புள்ளியில் நிற்பவர்களுக்கு

2024-இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்கள் முதல் எக்ஸ்பிரஸ் (வேகமான பாதை), நார்மல் (மெதுவான பாதை) என்ற பிரிவுகள் இல்லை. புள்ளியை வைத்து மூன்று சேர்க்கைப் பிரிவுகள்: 4 முதல் 20 வரை பிரிவு 3, 23-24 பிரிவு 2, 26 முதல் 30 வரை பிரிவு 1. நடுவில் இருக்கும் 21, 22-க்கு 2 அல்லது 3, 25-க்கு 1 அல்லது 2 என்று குடும்பமே தீர்மானிக்கலாம். பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று நிலையில் இருக்கும்; ஜி3-தான் கடினமானது. பிள்ளை எல்லாப் பாடத்தையும் ஒரே நிலையில் எடுக்க வேண்டியதில்லை. வகுப்பறையும் கலந்துதான் இருக்கும். ஓவியம், இசை, உடற்கல்வி போன்றவற்றை எல்லாரும் சேர்ந்தே படிப்பார்கள்.

நண்பர் ஒருவரின் மகனுக்கு 22. ஆங்கிலமும் கணிதமும் ஏஎல் 5, அறிவியலும் தமிழும் ஏஎல் 6. "பிரிவு 3 கிடைக்கும்போது யாராவது 2 கேட்பாங்களா?" என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பழைய சொற்களின் வலி இன்னும் நம்மிடம் இருக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிவு 3-இல் சேர்ந்தால் பெரும்பாலான பாடம் ஜி3. ஏஎல் 6 வாங்கிய அறிவியலும் அந்த வேகத்திலேயே ஓடும். பிரிவு 2-இல் சேர்ந்தால் பெரும்பாலான பாடம் ஜி2, ஆனால் ஏஎல் 5 அல்லது அதைவிட நன்றாக வாங்கிய ஆங்கிலத்தையும் கணிதத்தையும் ஜி3-இல் எடுக்கலாம். மற்றவற்றில் நன்றாகச் செய்தால் பின்னர் நிலை உயரவும் வழி உண்டு. பள்ளிகள் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி எல்லைப் புள்ளி வைத்திருப்பதால், பிரிவு 2 வழியாக வீட்டுக்குப் பக்கத்திலேயே அவன் விரும்பிய பள்ளிகள் திறந்தன. 2027 முதல் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வுகளான என்-லெவலும் ஓ-லெவலும் தனித்தனியாக இல்லாமல் ஒரே சான்றிதழ் தேர்வாகிவிடும். எந்தப் பாடத்தை எந்த நிலையில் எழுதினான் என்று அதில் இருக்கும். அவர்கள் பிரிவு 2 போட்டார்கள். அவன் நிலையில் என் பிள்ளை இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

தூரம், தமிழ், புள்ளி: எங்கள் மூன்று பள்ளிகள்

இனி எங்கள் தாளின் பின்பக்கம். வீடு ஈசூனில். கடைசியில் மூன்று பள்ளிகள் மிஞ்சின.

முதலாவது பீஷான் பக்கம். முந்தைய ஆண்டு எல்லைப் புள்ளி 13, எங்களுக்கு விளிம்பு. இரண்டாவது ஆங் மோ கியோ பக்கம், 14. மூன்றாவது வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை, 17.

சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் விடை தெளிவாக இருந்தது. "13 வாங்கிட்டு 14-க்கும் 17-க்கும் ஏன் போறீங்க? புள்ளி வீணாப் போகுதே!" இந்தப் பேச்சில் எனக்கும் மனம் அலைபாய்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லைப் புள்ளி என்பது பள்ளி முன்கூட்டியே வைக்கும் தரமதிப்பீடு இல்லை. அந்த ஆண்டு கடைசியாக உள்ளே நுழைந்த பிள்ளையின் புள்ளி, அவ்வளவுதான். எத்தனை பேர் விரும்பினார்கள் என்று காட்டும். எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று காட்டாது. பீஷானில் என் மகள் கடைசி வரிசையில் நுழைவாள், வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் முன்வரிசையில். முதலாவதில் போட்டி அவளை உயர்த்தலாம், சோர வைக்கவும் செய்யலாம். கணிதத்தில் ஏஎல் 5 வாங்கியவளுக்கு எது நடக்கும் என்று யோசித்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அப்புறம் தூரம். ஒரு திங்கட்கிழமை காலை 6:20-க்கு நானும் மகளும் பள்ளிப் பை நிறையப் புத்தகங்களோடு கிளம்பினோம். காலிப் பையோடு போனால் சோதனை பொய்யாகிவிடும். ரயிலில் காத்திப், இயோ சூ காங், ஆங் மோ கியோ, பீஷான். விடுமுறை என்பதால் மாணவர் கூட்டம் இல்லை, ஆனாலும் வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கம். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள். அங்கிருந்து பேருந்து. பள்ளி வாசலில் 7:10. ஐம்பது நிமிடம். திரும்பும்போது, "தினமுமாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டு நிமிட நடைக்கும் இந்த ஐம்பது நிமிடத்துக்கும் ஒரு வழிக்கு 38 நிமிட வித்தியாசம். போக வர, வாரம் ஐந்து நாள், ஆண்டுக்கு நாற்பது பள்ளி வாரம் என்று பெருக்கினால் சுமார் 250 மணி நேரம். பதின்மூன்று வயதில் தூக்கத்திலிருந்துதான் அந்த நேரம் போகும்.

தமிழ்தான் எங்கள் தாளில் மிகுந்த இடத்தைப் பிடித்தது. பீஷான் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. அப்படியான பள்ளிகளின் பிள்ளைகள் பியட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிப்பார்கள். 1946-இல் தொடங்கி 1982-இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியின் பெயரைத் தாங்கிய இடம். அதன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. பல பள்ளிகளிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் சேரும் சூழல் வேறெங்கும் கிடைக்காது. அங்கே படித்த நண்பர்களின் பிள்ளைகள் இன்றும் தங்களுக்குள் தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் வீடு அந்தப் பக்கமோ, பள்ளி அந்தப் பாதையிலோ இருந்தால் இதைக் குறையாக எண்ணவே வேண்டாம், வரம் என்றே சொல்வேன்.

எங்கள் செவ்வாயில் அது எப்படி வரும் என்று எழுதிப் பார்த்தோம். பள்ளி முடிந்து பீஷானில் வட்டப் பாதை ரயில், சிராங்கூனில் இறங்கி வடகிழக்குப் பாதைக்கு மாறி ஃபேரர் பார்க், அங்கிருந்து நடை. வகுப்பு. பிறகு ஈசூன் வரை திரும்பும் பயணம். இணைப்பாட நடவடிக்கை அதே நாளில் விழுந்தால் இரண்டில் ஒன்று பாதிக்கப்படும். எது முதலில் பாதிக்கப்படும் என்று எனக்குத் தெரியும். களைத்து வரும் பிள்ளை தமிழைத்தான் வெறுக்கத் தொடங்கும். ஏஎல் 2 வாங்கிய பாடத்தின்மேல் அந்த வெறுப்பு வர நான் விடமாட்டேன்.

ஆங் மோ கியோ பள்ளியில் தமிழும், அதைவிடக் கடினமான உயர்தமிழும் பள்ளிக்குள்ளேயே நடக்கின்றன. தமிழில் ஏஎல் 2 என்பதால் மகளுக்கு உயர்தமிழ் எடுக்கத் தகுதி இருந்தது; அதில் பின்னாளில் தேறிவிட்டால் தொடக்கக் கல்லூரியில் தாய்மொழிப் பாடம் கட்டாயமாகாது. வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் தமிழ் உண்டு, உயர்தமிழுக்கு வேறு இடம் போக வேண்டும். இது எந்த இணையப் பட்டியலிலும் பளிச்சென்று தெரியாது. பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் ஓப்பன் ஹவுஸ் நாளில் தமிழாசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்து, "போன வருடம் உயர்நிலை 1-இல் உயர்தமிழ் வகுப்பில் எத்தனை பேர், வகுப்பு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். நீங்களும் அப்படியே கேளுங்கள். "தமிழ் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் "இருக்கிறது" என்ற பதிலோடு திரும்புவீர்கள்.

இன்னொன்று. தொடக்கப்பள்ளியில் உயர்தாய்மொழி படித்தால் சேர்க்கையில் சலுகை உண்டு என்று சிலர் சொல்வார்கள். அது சீன மொழிக்கும் பண்பாட்டுக்கும் முக்கியத்துவம் தரும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் உயர்சீனத்துக்கு மட்டும். உயர்தமிழுக்குச் சேர்க்கையில் கூடுதல் புள்ளி எதுவும் இல்லை. பிடித்திருந்தால் எடுங்கள்.

இணைப்புப் பள்ளிச் சலுகை, அதாவது ஒரு உயர்நிலைப் பள்ளியோடு இணைந்த தொடக்கப்பள்ளியில் படித்தவர்களுக்கு அங்கே கிடைக்கும் முன்னுரிமை, எங்களுக்கு இல்லை. இருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: இணைப்பு உயர்நிலைப் பள்ளியை முதல் கோட்டில் எழுதினால்தான் முன்னுரிமை. இரண்டாவதாக எழுதினால் அது கிடையாது. அப்போதும் இடங்களில் 20 விழுக்காடு இணைப்பு இல்லாத பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கும்.

ஆறு கோடுகளின் வரிசை

வரிசை விஷயத்தில்தான் அதிகமான தவறு நடக்கிறது. "முதல் கோட்டில் கஷ்டமான பள்ளியைப் போட்டால் இரண்டாவதும் போய்விடும்" என்று பயந்து பலர் விரும்பாத பள்ளியை முதலில் எழுதுகிறார்கள். அப்படியில்லை. கணினி முதலில் பார்ப்பது புள்ளியை. சிறந்த புள்ளி வாங்கிய பிள்ளையிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து, அவர்களுடைய பட்டியலில் மேலிருந்து இடம் இருக்கும் முதல் பள்ளியில் சேர்க்கும். 13 வாங்கியவர் ஒரு பள்ளியை நான்காவதாக எழுதியிருந்தாலும், அதை முதலாவதாக எழுதிய 14-க்கு முன்னால்தான் பார்க்கப்படுவார்.

வரிசை வேலைக்கு வருவது புள்ளி சமமாகும்போது. ஒரே புள்ளியில் பலர் கடைசி இடத்துக்கு நின்றால் முதலில் குடியுரிமை: சிங்கப்பூர்க் குடிமக்கள், பிறகு நிரந்தரவாசிகள், பிறகு வெளிநாட்டவர். அதிலும் சமம் என்றால் யார் பள்ளியை மேலே எழுதினார் என்று பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் குலுக்கல். நாங்கள் நிரந்தரவாசிகள். எல்லைப் புள்ளி 13 இருந்த பள்ளியில் 13-ஐ வைத்துக்கொண்டு நிற்பது, குடிமக்கள் எல்லாரும் போன பிறகு மிச்சம் இருந்தால் கிடைக்கும் இடத்துக்காக நிற்பது. நம் சமூகத்தில் எத்தனையோ நிரந்தரவாசிக் குடும்பங்கள் இதைத் தெரியாமல் விளிம்புப் புள்ளியில் ஆறு பள்ளியையும் அடுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இரண்டு மூன்று பள்ளியாவது உங்கள் புள்ளிக்குத் தாராளமாக இடம் தருவதாக இருக்கட்டும். ஆறு கோட்டையும் நிரப்புங்கள். எதிலும் கிடைக்காவிட்டால் இடம் காலியாக இருக்கும் பள்ளிக்கு அவர்களே அனுப்பிவிடுவார்கள். மேல்முறையீட்டை நம்பிப் பட்டியல் போட வேண்டாம்.

எங்கள் பட்டியலில் ஆங் மோ கியோ பள்ளி முதலில் வந்தது. வீட்டுப் பக்கத்துப் பள்ளி இரண்டாவது. அதற்குக் கீழே ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கம் தமிழ் இருக்கும் நான்கு பள்ளிகள். பீஷானை எழுதவே இல்லை. பதிவு செய்யும் பொத்தானை அழுத்துமுன் என் கை கொஞ்சம் நின்றது. மகள் பக்கத்திலிருந்து, "அழுத்துப்பா, நான்தானே போகப்போறேன்" என்றாள்.

டிசம்பரில் குறுஞ்செய்தி வந்தது. முதல் தெரிவே கிடைத்தது.

பிப்ரவரியில் இணைப்பாட நடவடிக்கை தொடங்கிய முதல் செவ்வாய், அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். வீடு திரும்புவது 6:35 என்று எழுதியிருந்தேன். அவள் வந்தது 7:05-க்கு. புதுத் தோழிகள் இரண்டு பேரோடு பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசிக்கொண்டே இரண்டு பேருந்தை விட்டுவிட்டாளாம். எங்கள் தாளில் அதற்கு வரி இல்லை. பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.